எம்டன் கேப்டனும் எதிரணி அண்ணனின் ஆடும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், இரண்டு அணிக்கும் வணக்கம், கடைசி வரிசையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம், அதில் வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். எம்டன் கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது துணிச்சலா, பெருந்தன்மையா? நான் பெருந்தன்மைக் கட்சி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு இது விழுந்தது. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்து கொண்டு இதே தொண்டையில் கத்தியிருப்பேன். ஆனால் இரண்டு வாரமாக அந்த மனிதரைப் படித்துப் படித்து, இப்போது சீட்டை மாற்றிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நன்றாகவே பேசினார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது, ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படை பசிபிக்கில் பகான் தீவில் கூடியது, எல்லாக் கப்பலும் ஒன்றாகப் போகலாம் என்று தளபதி ஸ்பீ சொல்ல, முல்லர் எழுந்து "ஒரே ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டு, தானே தனியாகப் புறப்பட்டார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. துணியை வைத்து நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய வைத்தார். செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக்கு எதிரே வந்து நின்று, சுமார் 130 குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்தார். அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தார், அந்தக் கப்பலின் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். இதையெல்லாம் அண்ணன் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் நீங்கள் சுண்டலை என் மேல் எறிவீர்கள்.

ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள். "கப்பலைப் பிடித்தாராம், ஆட்களுக்குச் சோறு போட்டாராம், அப்புறம் கப்பலை மூழ்கடித்தாராம். கறிக்கடைக்காரர் கூடத்தான் ஆட்டுக்குத் தழை போடுகிறார், அது பெருந்தன்மையா?" என்றார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நானே பார்த்தேன். அந்த இடத்தில் நான் தயாரித்து வந்த ஏழு பக்கமும் போயிற்று. இனி ஆட்டைத் தவிர வேறு எதைப் பேசினாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. சரி, ஆட்டையே பேசுவோம்.

முதல் ஆடு, கபிங்கா. வங்காள விரிகுடாவில் பிடிபட்ட பிரிட்டிஷ் கப்பல். போய்ப் பார்த்தால் அந்தக் கேப்டனின் மனைவியும் குழந்தையும் கப்பலில் இருக்கிறார்கள். முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. அதுவரை பிடித்த மற்றக் கப்பல்களின் மாலுமிகளையெல்லாம் அதிலேயே ஏற்றி, போய் வாருங்கள் என்று விட்டுவிட்டார். இப்படி ஆட்களைச் சேர்த்து ஏற்றிச் செல்கிற கப்பலுக்கு எம்டன் மாலுமிகள் வைத்த பட்டப் பெயர் என்ன தெரியுமா? ஜெர்மன் மொழியில் 'லும்பன்சாம்லர்', நம் ஊரில் சொன்னால் பழைய துணி, பேப்பர் எடுக்கிறவர். வண்டி நிறைந்ததும் கிளம்பிவிடும்.

அண்ணா, கறிக்கடைக்குப் போன ஆடு வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கடையில் வந்தது. வந்ததோடு இல்லை, கிளம்பும்போது மேல்தளத்தில் நின்று கறிக்கடைக்காரருக்கு ஜே போட்டுவிட்டுப் போனது. பிடிபட்ட மாலுமிகள் முல்லருக்கு மூன்று முறை வாழ்த்து முழக்கம் எழுப்பினார்கள், அதுவும் பிரிட்டிஷ் மாலுமிகள், போர் நடந்துகொண்டிருக்கிற காலத்தில். மூன்று மாதத்துக்குள் இரண்டு டஜனை நெருங்குகிற அளவுக்குக் கப்பல்களைப் பிடித்தார், பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களை முதலில் பத்திரமாக இறக்காமல் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. கத்தி விழுந்தது கொட்டகை மேல்தான். ஆடு பிழைத்தது.

இரண்டாவது ஆடு இதைவிட அருமை. போன்ராபெல் என்று ஒரு தூர்வாரும் கப்பல். நத்தை வேகத்தில் டாஸ்மேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இதே மாதிரி அனுப்பிய ஒரு கப்பல் வழியிலேயே மூழ்கிவிட்டதால், இந்த மாலுமிகள் "முழுச் சம்பளத்தையும் முன்பணமாகக் கொடுத்தால்தான் வருவோம்" என்று வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்களாம். எம்டன் வந்து பிடித்தது. அவர்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு! வேலை பாதியில் முடிந்தது, சம்பளம் முழுசாகப் பையில் இருக்கிறது. இங்கே எத்தனை பேர் மனதுக்குள் "நம் ஆபீசுக்கு ஒரு எம்டன் வராதா" என்று நினைக்கிறீர்கள் என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

அப்புறம் அந்த சோப்பு. இண்டஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்தது, செப்டம்பர் 10 அன்று பிடிபட்டது. எம்டனில் அப்போது சோப்புக்குப் பெரிய தட்டுப்பாடு. இண்டஸைத் திறந்து பார்த்தால் பெட்டி பெட்டியாகச் சோப்பு. செய்தி கல்கத்தாவுக்குப் போனதும் அந்த சோப்புக் கம்பெனி அழுததா? பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது! எங்கள் சோப்பு 150 பெட்டி அந்தக் கப்பலில் இருப்பது தெரிந்துதான் எம்டன் துரத்தியிருக்கிறது, இப்போது எம்டன் ஆட்களும் அவர்கள் துணிமணிகளும் பளிச்சென்று இருக்கிறார்கள், நீங்களும் வாங்கிப் பாருங்கள் என்று. கொள்ளை போனவர் கொள்ளைக்காரரை வைத்து வியாபாரம் செய்கிறார். வெறும் பயம் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கிண்டல் வருமா?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஐயா, இன்னும் மூன்றாவது ஆடு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

தியாகோ கார்சியா. இந்தியப் பெருங்கடலின் நடுவில், தென்னந்தோப்பும் தேங்காய் எண்ணெயுமாக ஒரு குட்டித் தீவு. பிரிட்டிஷ்காரர்களுடையது. மாதக்கணக்கில் ஒரு கப்பல் வராது, தந்தி கிடையாது. அக்டோபர் 9 அன்று எம்டன் அங்கே போய் நங்கூரம் போட்டது. கடலிலேயே கிடந்து கிடந்து கப்பலின் அடிப்பக்கம் முழுக்கப் பாசியும் சிப்பியும். அதைச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும், நிலக்கரி ஏற்ற வேண்டும். தீவுக்காரர்கள் சுடுவார்களோ என்று பார்த்தால், சின்னப் படகில் பழமும் முட்டையுமாகத் தோப்பு அதிகாரி வருகிறார், "வாங்க வாங்க, எவ்வளவு நாளாச்சு ஒரு கப்பலைப் பார்த்து" என்கிற முகத்தோடு.

புரிகிறதா? அவருக்குப் போர் தொடங்கியதே தெரியாது! இரண்டு மாதமாக உலகமே பற்றி எரிகிறது, கடல் முழுக்க எம்டனைத் தேடிப் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்கள் சுற்றுகின்றன, இவர் எம்டனுக்கே முட்டை கொண்டு வருகிறார். உள்ளே உட்கார வைத்து நல்ல பானமாகக் கொடுத்தார்கள். கப்பல் ஏன் இப்படி அடிபட்டுக் கிடக்கிறது என்று கேட்டால், புயல், பயிற்சி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்கள். கடைசியில் அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "என் மோட்டார் படகு ரொம்ப நாளாக ஓடவில்லை, உங்களிடம் மெக்கானிக் யாராவது இருப்பார்களா?"

கொஞ்சம் நில்லுங்கள், இதை மறுபடியும் சொல்கிறேன், எனக்கே ஆசையாக இருக்கிறது. பிரிட்டிஷ் தீவு. பிரிட்டிஷ்காரரின் படகு. வந்து நிற்பது பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே தலைக்கு விலை வைக்காத குறையாகத் தேடுகிற ஜெர்மன் கப்பல். அந்தப் படகை என்ன செய்யலாம்? பறிக்கலாம். உடைக்கலாம். குறைந்தபட்சம் "நேரமில்லை, நாளைக்கு வா" என்றாவது சொல்லலாம், நம் தெரு மெக்கானிக் அதைத்தான் சொல்வார். முல்லர் ஆளை அனுப்பினார். அவர்கள் போய், கழற்றி, துடைத்து, மாட்டி, ஓட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நட்டு மிச்சம் இல்லாமல்! தீவுக்காரர்கள் மகிழ்ந்து பன்றி, மீன், தேங்காய் என்று கொண்டு வந்து கொட்டினார்கள். பதிலுக்குக் கப்பலிலிருந்து மதுவும் சுருட்டும் போயின. மறுநாள் எம்டன் கிளம்பியது. சில நாள் கழித்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து "எம்டனைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது அந்த அதிகாரியின் முகம் எப்படி இருந்திருக்கும்! "பார்த்தேனே, நல்ல பிள்ளைகள், போட் கூட சரி பண்ணிக் கொடுத்தார்கள்."

எதிரணி அண்ணா, கறிக்கடைக்காரர் தழை போடுவார், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டின் சைக்கிளைப் பஞ்சர் பார்த்துக் கொடுப்பாரா?

அதோ எதிரணித் தங்கை கையைத் தூக்குகிறார், என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும். "சென்னை?" அவ்வளவுதானே. கேட்க வேண்டிய கேள்விதான், நான் ஓட மாட்டேன். சென்னையில் ஆட்கள் செத்தார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உட்பட ஐந்து பேராவது அந்த இரவில் இறந்தார்கள். குறி வைத்தது எண்ணெய்த் தொட்டிக்குத்தான், இங்கிலாந்தின் மதிப்பை இந்தியர் கண்முன்னே இறக்கிக் காட்டுவதுதான் நோக்கம், இருந்தாலும் சில குண்டு ஊருக்குள்ளும் விழுந்தது. இன்றைக்கும் உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போர்க்கப்பல் போர்க்கப்பல்தான். (செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்று ஒரு கதை நம் பக்கம் உலவுகிறது. கேட்க இனிக்கும், ஆனால் அவர் அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் இருந்தார். இதை என் அணிக்காரரே எனக்குச் சிபாரிசு செய்தார், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.)

நான் கேட்பது வேறு. அந்தத் துணிச்சலை நமக்கு யார் சொன்னார்கள்? அவருடைய ஆட்கள் சொன்னார்கள். முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே புத்தகமாகவே போட்டார். தன் கப்பல் ஆட்கள் தன் கேப்டனைப் புகழ்வது என்ன அதிசயம், சம்பளம் வாங்குகிறவர்கள் புகழத்தான் செய்வார்கள். பெருந்தன்மையைச் சொன்னது யார்? கப்பலைப் பறிகொடுத்தவர்கள் சொன்னார்கள். லண்டன் பத்திரிகைகள் சொல்லின. பினாங்கில் அவர் மூழ்கடித்த பிரெஞ்சுக் கப்பல் முஸ்கேயின் ஆட்கள் 36 பேரை அவரே கடலிலிருந்து தூக்கினார், காயத்தால் இறந்துபோனவர்களை ராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார், மற்றவர்களை அடுத்து வந்த கப்பலில் ஏற்றி அனுப்பினார். ஆயுதமில்லாத ஒரு சின்னப் படகின் மேல் தெரியாமல் சுட்டுவிட்டதற்கும், ஷெம்சுக் ஆட்களைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கும் மன்னிப்புக் கேட்டு வழியில் கிடைத்த கப்பலில் சொல்லி அனுப்பினார். நடுச்சண்டையில் மன்னிப்பு! நம் தெருவில் வண்டி உரசிவிட்டுப் போகிறவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கோகோஸ் தீவு கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் ஓடிவிடுகிறேன். நவம்பர் 9. தந்தி நிலையத்தை உடைக்க மூக்கே 50 பேரோடு இறங்குகிறார். கம்பத்தைச் சாய்க்கப் போகும்போது அங்கிருந்த பிரிட்டிஷ் ஊழியர்கள், "சாய்ப்பதுதான் சாய்க்கிறீர்கள், எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். மூக்கே தள்ளிச் சாய்த்தார். அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி. ஆனால் அந்த நிலையம் ஏற்கெனவே ஆபத்துச் செய்தி அனுப்பிவிட்டது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்துவிட்டது. பெரிய பீரங்கி, அதிக வேகம். முல்லர் இறங்கிய ஆட்களை ஏற்றிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் சண்டைக்குப் போனார், எம்டன் சிதறியது, மிச்சமிருந்த உயிர்களைக் காப்பாற்றக் கப்பலைப் பவளப்பாறை மேல் ஏற்றினார். 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரணடைந்தவரிடம் வாளைப் பிடுங்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் கடற்படையே சொல்லியது.

அண்ணன் கடைசியாக ஒரு ஆணி அடித்தார், "இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோது 1917இல் சுரங்கம் தோண்டி இருபதுக்கு மேற்பட்ட ஆட்களோடு தப்பித்தாரே, அது துணிச்சல் இல்லையா?" என்று. துணிச்சல்தான், பிடிபட்டும் விட்டார். அந்தக் கணக்கு உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேண்டும்.

ஹனோவரில் 1873இல் பிறந்தவர். இளம் அதிகாரியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தபோது பிடித்த மலேரியா அவரைக் கடைசி வரை விடவில்லை. அந்தக் காய்ச்சலால்தான் 1918 தொடக்கத்தில் சிறையிலிருந்து விடுவித்து நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். நாட்டின் உயர்ந்த விருது அந்த மார்ச்சில்தான் அவருக்கு வந்தது. 1919இல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்று, பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் போய் உட்கார்ந்தார். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். போர் முடிந்து ஜெர்மனி நொடித்துக் கிடந்த நேரம். எழுது, எழுது என்று எல்லாரும் சொன்னார்கள். எழுதியிருந்தால் அள்ளியிருக்கலாம், மூக்கே எழுதியது நன்றாக விற்றது. முல்லர் எழுதவில்லை. என்னுடன் இருந்து செத்தவர்களின் ரத்தத்தை வைத்துக் காசு பண்ணுகிற உணர்ச்சி என்னை விட்டுப் போகாது என்று மறுத்துவிட்டார்.

இதற்கு எந்த அணியில் மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. இது தலைப்புக்குள் வருகிறதா என்றுகூடத் தெரியவில்லை.

எங்கள் பாட்டி 1914இல் எட்டு வயதுப் பெண், ஜார்ஜ் டவுனில் வீடு. குண்டு விழுந்த இரவில் வானம் சிவப்பாக இருந்தது என்பார். மறுநாளே ஊர் காலியாகத் தொடங்கியது, வண்டி கிடைக்காமல் இவர்கள் நடந்தே கிளம்பினார்கள். கொள்ளுத்தாத்தா பதற்றத்தில் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு, பணப்பெட்டியை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டார். பத்து மைல் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போக யாருக்கும் தைரியமில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யார் எதை மறந்தாலும் "உப்பு ஜாடி" என்றுதான் திட்டு விழும். நான் சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தால் பாட்டி என்னைக் கூப்பிடுவது "அடி எம்டன்".

பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் படித்துக் காட்டுவேன். ஒருநாள் எம்டனைப் பற்றி ஏதோ ஒரு பத்திரிகையில் வந்திருந்தது, படித்துக்கொண்டே போனேன். பாட்டி குறுக்கே மறித்து, "அந்தக் கப்பல்காரன் அப்புறம் என்ன ஆனான்?" என்றார். 1923இல் செத்துப்போய்விட்டார், 49 வயது, காய்ச்சல் அடித்து அடித்து உடம்பே போய்விட்டது என்றேன். "கல்யாணம் ஆகியிருந்ததா?" என்றார். 1920இல்தான் ஆயிற்று, இரண்டு பெண் குழந்தைகள் என்றேன்.

எட்டு வயதில் இவரை வீட்டை விட்டு ஓட வைத்தவர் அவர். பாட்டி கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்போ பெரியவளுக்கே ரெண்டு வயசுதான் இருக்கும்."

ஆமாம் பாட்டி என்றேன். அதற்கு மேல் படிக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, கேட்டது. நான் உட்காருகிறேன்.